பாசி போன பிறகும் போகாத நஞ்சு: 2015 அமெரிக்க மேற்குக் கரை, ஒரு நிகழ்வு ஆய்வு

2015 நவம்பர் 3ஆம் தேதி கலிஃபோர்னியா மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை ஓர் எச்சரிக்கை விட்டது. டஞ்சனெஸ் நண்டையும் பாறை நண்டையும் சாப்பிட வேண்டாம், டோமோயிக் அமிலம் என்ற நரம்பு நஞ்சு அவற்றில் அளவுக்கு மேல் இருக்கிறது என்று. பொழுதுபோக்காக நண்டு பிடிப்பவர்களுக்கு 7ஆம் தேதி பருவம் தொடங்க இருந்தது, வணிகப் படகுகளுக்கு 15ஆம் தேதி. சான் பிரான்சிஸ்கோ பக்கம் நவம்பர் கடைசியில் வரும் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு இந்த நண்டு மேசையில் இருப்பது பழைய வழக்கம், அதனால் வருடத்தின் பெரிய வருமானமே அந்த முதல் சில வாரங்களில்தான் வரும். இரண்டு பருவங்களும் தள்ளிவைக்கப்பட்டன. ஒரு வாரம், இரண்டு வாரம் என்று நினைத்துக் காத்திருந்தவர்களுக்கு, அடுத்த ஆண்டு மார்ச் இறுதியில்தான் கலிஃபோர்னியாவின் மத்தியக் கரை திறந்தது. வடக்கே சில பகுதிகளுக்கு மே ஆகிவிட்டது.

இதில் விசித்திரம், அந்த நஞ்சைச் செய்த பாசி நவம்பரில் பெரும்பாலும் அடங்கிவிட்டிருந்தது. அது கொழித்தது வசந்த காலத்தில். மான்டரே விரிகுடாவில் உச்சம் தொட்டது மே மாதவாக்கில். அதாவது கடல்நீரில் பிரச்சினை முடிந்த பிறகுதான் கரையில் மிகப் பெரிய அடி விழுந்தது. பாசிப் பெருக்கம் பற்றிப் பேசும்போது தொடக்கத் தேதி ஒன்று, முடிவுத் தேதி ஒன்று என்று போட்டு இடையில் ஒரு கோடு இழுத்துவிடுகிறோம். இந்த நிகழ்வை உட்கார்ந்து படித்தால் அந்தக் கோடு எவ்வளவு தப்பு என்று தெரியும். பாசிக்கு ஒரு கால அட்டவணை, அது செய்யும் நஞ்சுக்கு வேறொரு கால அட்டவணை, இரண்டும் சேர்ந்து நடப்பதே இல்லை.

பாசி யார், நஞ்சு என்ன

பாசியின் பெயர் சூடோ-நிட்சியா. டயாட்டம் வகை நுண்பாசி. நீளமான ஊசி வடிவச் செல்கள், ஒன்றின் நுனி அடுத்ததன் நுனிமேல் படிந்து சங்கிலியாகச் சேர்ந்திருக்கும். ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, அவற்றில் பாதியளவுதான் நஞ்சு செய்யக்கூடியவை. செய்யக்கூடிய இனமும் எப்போதும் செய்வதில்லை. சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் எது ஆபத்தான இனம் என்று பல சமயம் சொல்லவே முடியாது, எலக்ட்ரான் நுண்ணோக்கியோ மரபணுச் சோதனையோ வேண்டும். 2015இல் பெரும்பாலும் கொழித்தது சூடோ-நிட்சியா ஆஸ்ட்ராலிஸ், குடும்பத்திலேயே கடுமையாக நஞ்சு செய்யும் இனங்களில் ஒன்று.

டயாட்டத்துக்கு வெளிச்சம், நைட்ரேட், பாஸ்பேட்டோடு இன்னொன்றும் கட்டாயம் தேவை: சிலிக்கேட். அதன் ஓடு சிலிக்காவால் ஆனது, அது இல்லாமல் புதிய செல்லுக்கு ஓடு கட்ட முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மான்டரே கதையே இதன்மேல்தான் நிற்கிறது.

இன்னொன்று, நச்சுப் பாசி என்றதும் கடல் சிவப்பாகவோ பச்சையாகவோ மாறும் என்ற படம் நம் மனதில் வருகிறது. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக மின்னியது ஞாபகம் இருக்கும். அப்படி மின்னிய நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிரி வேறு குழு, அது டோமோயிக் அமிலம் செய்வதில்லை, அதன் தொல்லை வேறு மாதிரி. சூடோ-நிட்சியா ஒளிராது, பெரும்பாலும் நிறம் காட்டியும் எச்சரிக்காது. கரையில் நின்று பார்ப்பவருக்கு அது வழக்கமான கடல்தான்.

டோமோயிக் அமிலத்தை முதலில் பிரித்தெடுத்தது 1958இல் ஜப்பானில், அதுவும் ஒரு சிவப்புக் கடற்பாசியிலிருந்து. அந்தப் பாசியை அங்கே தீவுகளில் குடல்புழுவுக்கு நாட்டு மருந்தாகக் கொடுத்து வந்தார்கள். மனிதரைக் கொல்லக்கூடியது என்று உலகுக்குத் தெரிந்தது 1987 கடைசியில், கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில். அங்கே வளர்த்த மஸ்ஸல் சிப்பிகளைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, குழப்பம், வலிப்பு. வயதானவர்கள் மூவர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குப் புதிதாக எதுவும் மனதில் நிற்காமல் போனது, அது திரும்பவும் சரியாகவில்லை. அந்த நோய்க்கு மறதி ஏற்படுத்தும் சிப்பி நஞ்சு என்றே பெயர்.

காரணம் எளிது, பயங்கரமும்கூட. மூளையில் நரம்புச் செல்களைத் தூண்டுவதற்கு குளூட்டமேட் என்ற பொருள் இருக்கிறது. டோமோயிக் அமிலத்தின் வடிவம் அதை ஒத்திருப்பதால் அதே ஏற்பிகளில் போய் உட்கார்ந்து, செல்லை விடாமல் தூண்டுகிறது. கடைசியில் செல் செத்துப்போகிறது. நினைவுகளைப் பதியும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் இந்த ஏற்பிகள் நிறைய, அதனால் அடி அங்கேதான் அதிகம். சமைத்தால் போகாது, உறைய வைத்தாலும் போகாது, ருசியிலும் வாசனையிலும் தெரியாது. கனடா நிகழ்வுக்குப் பிறகு வந்த வரம்பு, ஒரு கிலோ சிப்பி இறைச்சிக்கு 20 மில்லிகிராம். நண்டின் குடல் பகுதிக்கு மட்டும் 30.

பெருக்கம் தொடங்கும் முன்பே தொடங்கிய கதை

2013 கடைசியில் அலாஸ்கா வளைகுடாவுக்குத் தெற்கே உயர் காற்றழுத்தம் நகராமல் உட்கார்ந்துகொண்டது. குளிர்காலப் புயல்கள் அந்தப் பக்கம் வரவில்லை. புயல் வந்தால் மேல்நீர் கலங்கி, சூட்டை இழந்து, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். அது நடக்கவில்லை. விளைவாக வட கிழக்குப் பசிபிக்கில் பெரிய பரப்பு வழக்கத்தைவிட 2, 3 டிகிரி செல்சியஸ் சூடாகவே கிடந்தது. வாஷிங்டன் மாநிலக் காலநிலையாளர் நிக் பாண்ட் அதை 2014இல் 'பிளாப்' என்று அழைத்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. 2014 இலையுதிர் காலத்தில் அந்தச் சூடான நீர் கரையையும் தொட்டுவிட்டது.

சூடான மேல்நீரில் ஊட்டம் குறைவு. அடியிலிருந்து நைட்ரேட் வருவது தடைபடுகிறது. இந்த நிலையில் எல்லாப் பாசிக்கும் பட்டினிதானே, பெருக்கம் எப்படி வரும்? இந்தக் கேள்விக்கு 2016இல் மெக்கேப்பும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் கொடுத்த விளக்கம் இதுதான். ஆஸ்ட்ராலிஸ் வழக்கமாகத் தெற்கே தங்கும் இனம். 2015 தொடக்கத்தில் அந்தச் சூடான, ஊட்டம் குறைந்த நீரில் அது தன் வழக்கமான எல்லைக்கு வடக்கேயும் போய் நிலைத்துவிட்டது. மற்ற பாசிகள் திணறிய இடத்தில் இது தாக்குப்பிடித்தது. பெருகவில்லை, இருந்தது. அவ்வளவுதான். ஆனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கரைக்கு எதிரே அந்த விதை காத்திருந்தது.

பிறகு வசந்தம். இந்தக் கரையில் ஒவ்வொரு வருடமும் வசந்த காலத்தில் காற்று திரும்பி, வடமேற்கிலிருந்து கரையை ஒட்டி வீசும். பூமி சுழல்வதால் மேல்நீர் காற்றின் திசைக்கு வலப்பக்கம், அதாவது கடலை நோக்கித் தள்ளப்படும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த, நைட்ரேட் நிறைந்த நீர் மேலே ஏறும். கலிஃபோர்னியா, ஓரிகான், வாஷிங்டன் கரைகளின் மொத்த மீன்வளமும் இந்த மேலெழும் நீரை நம்பித்தான். 2015இலும் அது வந்தது. காத்திருந்த பாசிக்கு ஒரேயடியாகச் சாப்பாடு. அப்புறம் வரிசையாக வந்த வசந்தப் புயல்கள், கரைக்கு அப்பால் கொழித்த பாசியைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தன.

கவனியுங்கள், இங்கே வெப்பம் மட்டும் எதையும் செய்யவில்லை. வெப்பம் சரியான இனத்தைத் தேர்ந்தெடுத்து, பரப்பி வைத்தது. பெருகுவதற்குக் குளிர்ந்த நீர் வேண்டியிருந்தது. கரைக்கு வந்து சேர்வதற்குப் புயல் வேண்டியிருந்தது. மூன்றும் இந்த வரிசையில் நடந்தால்தான் 2015. 'கடல் சூடானது, நச்சுப் பாசி வந்தது' என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிற செய்திகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். சொன்னது பொய்யில்லை, ஆனால் அதை வைத்து அடுத்ததைக் கணிக்கவே முடியாது.

மான்டரே: நீர் குளிர்ந்த பிறகு

மத்திய கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடா ஆய்வாளர்களுக்கு வாகான இடம். கரையை ஒட்டி ஆழ்கடல் பள்ளம், சுற்றிலும் ஆய்வு நிலையங்கள், தானாக நீர் எடுத்து மரபணு முறையில் பாசியை அடையாளம் காணும் கருவிகள் கடலுக்குள்ளேயே நிற்கின்றன. 2015இல் அங்கே பதிவான டோமோயிக் அமிலத்தின் அளவு, பாசித் துகள்களில் அங்கே அதுவரை அளக்கப்பட்டதிலேயே அதிகம்.

ரையனும் சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் முதலில் கண்ணில் படுவது இது: விரிகுடாவில் பெருக்கம் தொடங்கியபோது நீர் சூடாக இல்லை. வலுவான மேலெழும் நீர் வந்து, அந்த வட்டாரத்தில் மட்டும் பிளாப்பின் சூட்டைத் துடைத்துவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பிறகு காற்று மிதமாக, விட்டுவிட்டு வீசியது. இந்த விட்டுவிட்டு என்பதுதான் விஷயம். காற்று தொடர்ந்து பலமாக வீசினால் ஊட்டம் வரும், ஆனால் பாசியும் நடுக்கடலுக்கு அடித்துக்கொண்டு போய்விடும். காற்றே இல்லாவிட்டால் பாசி தங்கும், சாப்பாடு தீர்ந்துபோகும். கொஞ்சம் வீசி, கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி வீசினால் ஊட்டமும் வரும், பாசியும் அங்கேயே குவியும். ஓரிகானின் ஹெசிட்டா திட்டு, வாஷிங்டனுக்கு வெளியே ஹுவான் டி ஃப்யூக்கா சுழல் ஆகியவை பழைய நச்சு மையங்களாக இருப்பதற்கும் காரணம் நீர் அங்கே சுற்றிக்கொண்டு தேங்குவதுதான்.

பாசி கொழிப்பது ஒன்று, நஞ்சு கூடுவது வேறு. ஒரே எண்ணிக்கை செல்கள் இருந்தாலும் ஒவ்வொரு செல்லிலும் எவ்வளவு நஞ்சு என்பது பல மடங்கு மாறும். மான்டரேயில் அதை முடிவு செய்தது சிலிக்கேட். மேலே வந்த அடிநீரில் நைட்ரேட் இருந்தது, சிலிக்கேட் அதற்கு ஈடாக இல்லை. 24 வருடப் பதிவில் அவ்வளவு மோசமான சிலிக்கேட் குறைவு வந்ததே இல்லை. இருந்த கொஞ்சத்தையும் கொழித்த டயாட்டங்களே உறிஞ்சித் தீர்த்தன. ஓடு கட்ட வழியில்லாமல் செல் பிரிவது நிற்கிறது, ஆனால் நைட்ரேட்டும் வெளிச்சமும் இருப்பதால் உயிர்வேதியல் வேலைகள் நிற்கவில்லை. டோமோயிக் அமிலம் ஓர் அமினோ அமிலம், அதைச் செய்ய நைட்ரஜன் வேண்டும். வளர முடியாத செல்லில் மிஞ்சிய நைட்ரஜன் நஞ்சாகச் சேர்ந்தது.

வடக்கே நடந்தது கொஞ்சம் வேறு. மெக்கேப் குழுவின் ஆய்வகச் சோதனைகளிலும் கள சோதனைகளிலும் ஊட்டம் சேர்த்தபோது நஞ்சு கூடியது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒருவர் பட்டினி என்கிறார், இன்னொருவர் விருந்து என்கிறார். நான் படித்தவரை இரண்டும் மோதவில்லை. இரண்டிலும் நைட்ரஜன் தாராளமாக இருக்கிறது. நைட்ரஜன் கிடைத்து, வேறு ஏதோ ஒன்று வளர்ச்சியைப் பிடித்து நிறுத்தினால் நஞ்சு உச்சத்துக்குப் போகிறது. 2018இல் டோமோயிக் அமிலத்தைச் செய்யும் மரபணுத் தொகுதியைக் கண்டுபிடித்தார்கள், அப்போது அந்த மரபணுக்களை முடுக்கிவிட அவர்கள் பயன்படுத்திய வழியில் பாஸ்பேட்டைக் குறைப்பதும் ஒன்று. பாசிக்கு இந்த நஞ்சால் என்ன லாபம் என்பதில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

கரைக்கு வந்த செய்தி

மே மாதத் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலம் ரேசர் மட்டி தோண்டுவதை நிறுத்தியது. நீளமான, மெல்லிய ஓடுள்ள இந்த மட்டியைத் தோண்ட வார இறுதிகளில் ஆயிரக்கணக்கானோர் கடற்கரைக்கு வருவார்கள், சின்னச் சின்ன ஊர்களின் ஓட்டல், பெட்ரோல் பங்க், தூண்டில் கடை எல்லாம் அதை நம்பி ஓடுகின்றன. அடுத்து ஓரிகான் மூடியது. ஜூன் தொடக்கத்தில் கலிஃபோர்னியா, மான்டரே, சான்டா குரூஸ் பகுதிகளில் பிடித்த நெத்திலி, மத்தி, நண்டு பற்றி எச்சரித்தது. அதே ஜூனில் வாஷிங்டனின் தெற்குக் கரையில் நண்டுப் பிடிப்பும் நின்றது.

பாசியை வடிகட்டித் தின்னும் நெத்திலியும் மத்தியும் நஞ்சைக் குடலில் சுமக்கின்றன, தமக்கு ஒன்றும் ஆகாமல். அவற்றைத் தின்னும் கடல்சிங்கமும் பறவையும்தான் விழுகின்றன. 1991இல் இதே மான்டரேயில் நெத்திலி தின்ற பழுப்புக் கூழைக்கடாக்கள் இறந்தபோதுதான் அமெரிக்க மேற்குக் கரையில் இந்த நஞ்சு முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. அதற்கு முப்பது வருடம் முன்பு, 1961 ஆகஸ்டில், சான்டா குரூஸ் அருகே கடற்பறவைகள் நிலைதடுமாறி வீடுகளிலும் தெருவிளக்குகளிலும் மோதிச் செத்தன. அந்தக் கோடையில் சேகரித்து வைத்திருந்த, நீரில் மிதந்து வாழும் நுண்ணிய விலங்குகளின் குடலை 2012இல் பிரித்துப் பார்த்தார்கள். அவை தின்றிருந்த பாசியில் ஐந்தில் நான்கு பங்கு நச்சு சூடோ-நிட்சியா. ஆக இது புதிதாக முளைத்த உயிரி கிடையாது, 2015இல் புதிது அதன் பரப்பு.

2015 மே மாதம் வாஷிங்டனின் லாங் பீச் கரையில் ஒரு கடல்சிங்கம் வலிப்பு கண்டு கிடந்தது. அந்த மாநிலத்தில் டோமோயிக் அமிலத்தால் என்று உறுதியான முதல் கடல்சிங்கம் அது. தெற்குக் கலிஃபோர்னியாவிலிருந்து வடக்கு வாஷிங்டன் வரை கரை ஒதுங்கிய திமிங்கிலம், டால்பின், சீல் என்று பலவற்றின் உடலில் நஞ்சு இருந்தது. கோடையில் பெல் ஷிமாடா என்ற ஆய்வுக் கப்பல் கரை நெடுகப் போய் நீர் எடுத்தது. தெற்குக் கலிஃபோர்னியாவின் சேனல் தீவுகள் தொடங்கி அலாஸ்கா வளைகுடா வரை பாசி இருந்தது என்று பின்னர் தெளிவானது. இவ்வளவு நீளத்துக்கு ஒரே சமயத்தில் நடந்ததற்குப் பதிவே இல்லை.

மனிதர் யாரும் நோயில் விழவில்லை. கண்காணிப்பு அந்த அளவில் சரியாக வேலை செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஓய்ந்தது எப்படி

பாசி எப்படி ஓய்கிறது என்பதைப் பொதுவாக யாரும் ஆர்வமாக எழுதுவதில்லை. ஊட்டம் தீர்ந்துபோகிறது, காற்று மாறுகிறது, கோபெபோடு, கிரில் போன்ற இறால் இனத்துச் சிறு உயிர்கள் மேய்கின்றன, பூஞ்சை ஒட்டுண்ணிகளும் வைரஸ்களும் செல்லுக்குள் புகுகின்றன. நீரில் கரைந்த நஞ்சை வெயிலும் பாக்டீரியாவும் சிதைக்கின்றன. இவ்வளவையும் படித்துவிட்டு, சரி, கடல் தன்னைத் தானே சுத்தம் செய்துகொண்டது என்று புத்தகத்தை மூடிவிடத் தோன்றும்.

ஆனால் டயாட்டம் வெறுமனே மறைவதில்லை, மூழ்குகிறது. சிலிக்கா ஓடு கனமானது. ஊட்டம் தீர்ந்த செல்கள் பிசுபிசுப்பாகி, ஒன்றோடொன்று ஒட்டி, கட்டிகளாகத் திரண்டு கீழே இறங்கும். சான்டா பார்பரா அருகே ஆழத்தில் பொறிகளைத் தொங்கவிட்டு, விழும் துகள்களைப் பிடித்த ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. மேலே பெருக்கம் நடந்த சில நாட்களிலேயே 500 மீட்டருக்கும் கீழே டோமோயிக் அமிலம் வந்து சேர்ந்திருந்தது. ஒரு நாளைக்கு 100 மீட்டருக்கும் மேலான வேகம். அடிமண்ணிலும் அது இருந்தது. வெயில் படாத, குளிர்ந்த இடத்தில் நஞ்சு லேசில் சிதைவதில்லை.

செயற்கைக்கோள் படத்தில் பச்சையம் குறைந்துவிட்டது, கரையில் அள்ளிய நீரில் செல் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்றால் பெருக்கம் 'முடிந்தது' என்று அறிக்கை எழுதுகிறோம். உண்மையில் நஞ்சு மேல்தளத்திலிருந்து கீழ்த்தளத்துக்கு வீடு மாறியிருக்கிறது. அங்கே யார் குடியிருக்கிறார்கள்? புழுக்கள், மட்டிகள், அவற்றைத் தின்னும் நண்டுகள்.

மட்டிகளிலும் பேதம் உண்டு. மஸ்ஸல் சிப்பி நஞ்சை வேகமாக ஏற்றி வேகமாகவே கழித்துவிடும், சில நாட்கள், மிஞ்சினால் ஓரிரு வாரம். ரேசர் மட்டி அப்படியில்லை, தசைக்குள் சேர்த்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும், விடாது. டஞ்சனெஸ் நண்டுக்கு ரேசர் மட்டி பிடித்த சாப்பாடு. நண்டு சுத்தமான இரையைத் தின்றால் சில வாரங்களில் நஞ்சைக் கழித்துவிடும் என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் மே மாதம் ஏறிய நஞ்சு நவம்பரிலும், அதற்கடுத்த பிப்ரவரியிலும் நண்டில் இருக்கக் காரணமே இல்லை. இருந்தது என்றால் நண்டு தொடர்ந்து நஞ்சைத் தின்றுகொண்டே இருந்தது என்று அர்த்தம். மேலே பாசி இல்லாத கடலில், கீழே விருந்து நடந்துகொண்டிருந்தது.

காத்திருப்பும் அதன் செலவும்

பருவத்தைத் திறக்க விதி ஒன்று இருந்தது. ஒவ்வொரு பகுதியிலிருந்தும் நண்டுகளைப் பிடித்துக் குடலைச் சோதிக்க வேண்டும், அடுத்தடுத்து இரண்டு முறை எல்லாமே வரம்புக்குள் இருக்க வேண்டும். ஒரு வாரம் எல்லாம் சுத்தம், படகுக்காரர்கள் உற்சாகமாவார்கள், அடுத்த வாரம் ஒரே ஒரு நண்டு 30ஐத் தாண்டும், மறுபடி முதலிலிருந்து. ஒரு துறைமுகத்துக்கு அருகே சுத்தம், அடுத்த துறைமுகத்தில் நஞ்சு. அடிமண்ணில் நஞ்சு திட்டுத்திட்டாகக் கிடந்தால் இப்படித்தான் வரும்.

குடலைத்தானே நஞ்சு பிடித்திருக்கிறது, கால் இறைச்சியை விற்றால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் அங்கே நண்டை முழுதாக வேகவைக்கும் பழக்கம், குடலிலிருந்து நஞ்சு கொதிநீருக்கும் இறைச்சிக்கும் இறங்கும். தவிர, குடலின் மஞ்சள் கொழுப்பை ரசித்துச் சாப்பிடுபவர்களும் குறைவில்லை, ஆசியக் குடும்பங்களில் குறிப்பாக. மூடியது சரி என்றே நினைக்கிறேன். மூடியதன் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு வந்த பதில்தான் கேவலம். வழக்கமாக ஒரு பருவத்தில் 6 கோடி டாலர் அளவுக்குப் பிடிபடும் நண்டு அது. கூட்டாட்சி அரசு பேரிடர் என்று ஒப்புக்கொண்டு, கலிஃபோர்னியா நண்டுத் தொழிலுக்கு 2.58 கோடி டாலர் ஒதுக்கியது 2018இல். அதற்குள் படகை விற்றவர் விற்றாகிவிட்டது.

இன்னொரு செலவு யாரும் எதிர்பாராதது. சூடான நீர் நடுக்கடலை நிரப்பியதால் குளிர்ந்த, இரை நிறைந்த நீர் கரையோரப் பட்டையாக ஒடுங்கிவிட்டது. கிரில் குறைந்தது, நெத்திலி கரையை ஒட்டிக் கூடியது, கூனல் திமிங்கிலங்கள் அதைத் தேடி உள்ளே வந்தன. வழக்கமாக நண்டுக் கூண்டுகள் பெரும்பாலும் குளிர்காலத்தில் கடலில் இருக்கும், வசந்தத்தில் திமிங்கிலங்கள் வரும்போது பிடிப்பு தணிந்திருக்கும். 2016இல் பருவம் மார்ச் இறுதியில் திறந்தது. நான்கு மாதம் காத்திருந்த அத்தனை படகுகளும் ஒரே நேரத்தில் கூண்டுகளை இறக்கின. கூண்டிலிருந்து மிதவைக்குப் போகும் செங்குத்துக் கயிறுகளுக்கு நடுவே திமிங்கிலங்கள். முன்பெல்லாம் மேற்குக் கரையில் வருடத்துக்குப் பத்து அளவில் பதிவாகிவந்த, திமிங்கிலம் கயிற்றில் சிக்கும் சம்பவங்கள் 2015, 2016 இரண்டு வருடமும் ஐம்பதைத் தொட்டன. சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது, 2019இல் சமரசம் ஆனது, அதன்பின் திமிங்கிலங்களைப் பார்த்துப் பருவத்தின் தேதியை நகர்த்தும் முறை வந்தது. நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் ஓர் உயிரிக்கும் கயிற்றில் சிக்கிய 30 டன் விலங்குக்கும் இடையில் இத்தனை கண்ணிகள். இதில் எதையும் 2015 மே மாதத்தில் யாரும் கணித்திருக்க மாட்டார்கள்.

அதற்கப்புறம்

பிளாப் 2016 வாக்கில் கலைந்தது. ஆனால் ஒன்று மாறிவிட்டது. கலிஃபோர்னியாவின் வடகோடியில், அதற்கு முன் அவ்வளவாகப் பேசப்படாத பகுதியில், 2015க்குப் பிறகு புதிய நச்சு மையம் உருவானது. அடுத்து வந்த வருடங்களிலும் அங்கே பெருக்கம் திரும்பத் திரும்ப வந்தது, அதையொட்டிய வடக்குக் கலிஃபோர்னியா, தெற்கு ஓரிகான் கரைகளில் நண்டுப் பருவங்கள் தள்ளிப்போயின. ஓரிகான் 2017 தொடக்கத்தில், நஞ்சு கண்ட பகுதியில் பிடித்த நண்டைக் குடல் நீக்கியே விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு திறந்துவிடும் வழியை முயன்றது. முழுதாக மூடுவதைவிட மீனவர்களுக்கு இது பரவாயில்லை, ஆனால் உயிருள்ள நண்டுக்குக் கிடைக்கும் விலை இதற்குக் கிடைப்பதில்லை.

கணிப்பு வேலையும் முன்னேறியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் செயற்கைக்கோள் படத்தையும் கடல் நீரோட்ட மாதிரியையும் சேர்த்து சில நாட்களுக்கு முன்னதாகவே நஞ்சு வாய்ப்பைக் கணிக்கிறார்கள். வாஷிங்டனில் கடற்கரை நீரை வாராவாரம் அள்ளிப் பார்த்து, காற்று முன்னறிவிப்போடு சேர்த்து அறிக்கை விடுகிறார்கள், அதை வைத்து மட்டி தோண்டும் நாட்களை முடிவு செய்கிறார்கள். பெருக்கம் எங்கே, எப்போது கரையைத் தொடும் என்பதற்கு இவை உதவுகின்றன. இவை எல்லாமே மேல்நீரைப் பார்க்கும் கண்கள். பாசி மூழ்கிய பிறகு அடியில் நஞ்சு எங்கே, எவ்வளவு காலம் கிடக்கும் என்பதற்கு இன்னும் நண்டையும் மட்டியையும் பிடித்து அறுத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

வரம்புக்குக் கீழே இருக்கும் நஞ்சு பற்றியும் ஒரு கேள்வி தொங்குகிறது. 20 மில்லிகிராம் என்பது ஒரு வேளை சாப்பிட்டு விழாமல் இருக்கப் போட்ட கணக்கு. வாஷிங்டன் கரையின் குவினால்ட் போன்ற பூர்வகுடியினர் ரேசர் மட்டியை வருடம் முழுக்கச் சாப்பிடுகிறார்கள், உறைய வைத்து, பதப்படுத்தி, விருந்துக்கும் விசேஷத்துக்கும். மட்டியோ நஞ்சை மாதக்கணக்கில் வைத்திருக்கும் பிராணி. அவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வில், மாதத்துக்கு 15 மட்டிக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு நினைவுத்திறன் சோதனைகளில் கொஞ்சம் குறைவு தெரிந்தது, அவர்கள் சாப்பிட்டது அனைத்தும் சட்டப்படி பாதுகாப்பானது என்று திறந்துவிட்ட கரையில் எடுத்தவை. அதையொட்டி, மாதத்துக்கு 15க்கு மேல் வேண்டாம் என்று அந்த மாநிலத்தில் அறிவுரை சொல்கிறார்கள். வரம்பு மட்டும் அதே 20தான்.